க்வென்பிக்குத் திரும்பி வந்த ஸ்டேஷன்

க்வென்பி என்ற பெயருக்கு அர்த்தம் கிடையாது. ரயில் கம்பெனிக்காரர்கள் புல்வெளியில் மேற்கு நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தபோது, எட்டு மைலுக்கு ஒரு ஸ்டேஷன் வைத்து, ஆங்கில எழுத்து வரிசையில் பெயர் சூட்டிக்கொண்டே போனார்கள். கிழக்கே பெல்லமி, மேற்கே ரஸ்கம். நடுவில் க்யூ எழுத்து மாட்டிக்கொண்டது. எங்கேயோ ஒரு குமாஸ்தா தலையைச் சொறிந்து க்வென்பி என்று எழுதினான். அவன் இந்த இடத்தைப் பார்த்ததே இல்லை என்பதில் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமில்லை. பார்த்திருந்தால் க்யூவைத் தாண்டிப் போயிருப்பான் என்பார்கள்.

அந்த ஊருக்கு நூறு வயது ஆகப்போகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் எல்வீரா பசிச்னிக். ஊராட்சிச் செயலர் அவள்தான். செவ்வாயும் வியாழனும் அந்த வேலை. மற்ற நாட்களில் அதே கட்டடத்தின் மறுபாதியில் தபால் ஆபீஸ். ஊராட்சிக்கு ஒரு கடிதம் வந்தால் தபால்காரியாக அதை வாங்கி, நடுக்கதவைத் திறந்து, செயலராக மேசையில் வைத்துக்கொள்வாள். அறுபத்தோரு வயது. அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. முப்பது வருடத்தில் நடந்த எந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பிலும் ஒரு பொய்யோ பிழையோ கிடையாது. எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, தபால் ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டால் ஊருக்கே சொன்னதாகிவிட்டது என்று அவள் நம்பினாள். அந்தப் பலகையை யாரும் படிப்பதில்லை என்பதைப் பற்றி அவள் யோசித்ததில்லை.

நூற்றாண்டு விழாவுக்கு என்ன செய்வது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஊரில் இருந்தது நாற்பத்தொரு பேர். ரயில் நின்று, தண்டவாளத்தைப் பிடுங்கி, தானியக் கோபுரத்தை இடித்து, பள்ளிக்கூடத்தை மூடி, கடைசியில், பனித்தரையில் கனமான கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் கூடத்தில் தரையை உறையவைக்கும் எந்திரமும் கெட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. கொண்டாட என்ன மிச்சம் என்று ஒருவர் கேட்டார். ஊர்த் தலைவர் தோர் நீகார்டு அப்போதுதான் அதைச் சொன்னார்.

"நம்ம ஸ்டேஷனைத் திருப்பிக் கொண்டு வருவோம்."

தோருக்கு எழுபத்தாறு வயது. இடிக்கப்பட்ட தானியக் கோபுரத்தில் அவர்தான் முப்பத்தைந்து வருடம் தானியம் வாங்கும் ஏஜெண்டு. நெடிய மனிதர். காதில் மாட்டும் கருவி கூட்டங்களில் விசில் அடிக்கிறது என்று அணைத்து வைத்துவிடுவார். அதனால் மற்றவர்கள் பேசுவதை வாயசைவை வைத்து ஊகித்து, எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுவார். நல்ல தலைவர் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

மரத்தாலான ஸ்டேஷன் கட்டடத்தை எழுபத்துநாலில் ரயில் கம்பெனி விற்றபோது வாங்கிக்கொண்டு போனவர் ப்ரோகோப் ஹ்னாட்டிவ். ஊருக்கும் ரஸ்கத்துக்கும் நடுவே அவருடைய பண்ணை. கட்டடத்தை அங்கே நிறுத்தி உள்ளே ஓட்ஸ் கொட்டி வைத்திருந்தார். இப்போது எண்பத்திரண்டு வயது. எல்வீரா போய்க் கேட்டபோது, தருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். எண்பத்தெட்டில் ஒரு கர்லிங் ஆட்டத்தில், ஓடிக்கொண்டிருந்த கல்லை அவர் காலால் எத்திவிட்டார் என்று, ஆயுள் முழுக்கக் கூடத்துக்குள் நுழையக் கூடாதென்று ஊராட்சி தடை போட்டிருந்தது. அந்தத் தடையை நீக்கி, தீர்மானம் போட்டு, எழுத்தில் தர வேண்டும்.

"அங்க இப்ப பனியே இல்லையே ப்ரோகோப். எதுக்கு உள்ள வரணும்?"

"பனி இருக்கோ இல்லையோ, தடை இருக்கில்ல?" என்றார் அவர்.

தீர்மானம் போட்டார்கள். மறுநாளே ப்ரோகோப் வந்து எல்வீராவிடம் கூடத்தின் சாவியை வாங்கி, உள்ளே காபி குடிக்கும் அறையில் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கிழவருக்கு அவ்வளவு ரோஷம் இருந்திருக்கிறதே என்று எல்வீரா நினைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் மே மாதம் வந்தது. வீடு பெயர்க்கும் ஆட்கள் அதை நீண்ட வண்டியில் ஏற்றி, மின்கம்பிகளைக் கொம்பால் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் கொண்டுவந்தார்கள். ஊர் முழுவதும் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. தண்டவாளம் இல்லாத ஊரில் ஸ்டேஷன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இரண்டு கூட்டங்களில் சண்டை போட்டு, கடைசியில் நெடுஞ்சாலையைப் பார்த்து வைப்பதென்று முடிவாகியிருந்தது. தானியக் கோபுரம் நின்ற இடத்தில் கான்கிரீட் கட்டைகள் மேல் அதை இறக்கினார்கள். தோர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவருக்கு ஆர்னே என்று ஓர் அண்ணன். ஐம்பத்திரண்டில், மரம் வெட்டும் வேலைக்கென்று வான்கூவருக்கு ரயிலேறினான். மாலை நாலு பத்து வண்டி. தோர்தான் பெட்டி தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் வரை போனார். அந்தக் குளிர்காலமே காட்டில் மரம் சாய்ந்து ஆர்னே இறந்துபோனான். அங்கேயே புதைத்தார்கள். தோரைப் பொறுத்தவரை அண்ணன் கடைசியாக நின்ற இடம் அந்த ஸ்டேஷன்தான்.

வந்த கட்டடத்தை ஊர் அடையாளம் கண்டுகொண்ட விதம் பார்க்க வேண்டியது. ஒருவருக்குக் காத்திருக்கும் அறையின் வாசனை அப்படியே இருந்தது; முப்பத்தைந்து வருட ஓட்ஸ் வாசனையைத் தாண்டி அது அவருக்கு வந்தது. இன்னொருவர் ஜன்னல் கட்டையில் ஒரு கீறலைத் தொட்டு, இது நான் கத்தியால் போட்டது என்றார். உள்ளே ப்ரோகோப் தானியத்துக்காக அடித்திருந்த பலகைகளைப் பெயர்த்தபோது, ஸ்டேஷனிலேயே குடியிருந்த ஏஜெண்டு குடும்பத்தின் சமையலறைக்குப் போகும் கதவின் நிலைச்சட்டத்தில் பென்சில் கோடுகள் வந்தன. பெயர் எதுவும் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் வருடம் மட்டும். முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை. தோர் குனிந்து பார்த்துவிட்டு, ஸ்டேஷன் ஏஜெண்டு ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் நிறுத்தி உயரம் குறிப்பார், இது நானும் ஆர்னேயும் என்றார். ஊரும் ஆமாம் என்றது.

ஜூன் முதல் வாரத்தில் எல்வீரா டிக்கெட் அறையைச் சுத்தம் பண்ணப் போனாள். மேசைக்குப் பின்னால் ஒரு பலகை தளர்ந்திருந்தது. இழுத்தாள். எலி கடித்த சரக்கு ரசீதுக் கட்டு ஒன்று கீழே விழுந்தது. ஒவ்வொன்றிலும் ஊதா மையில் முத்திரை. ரஸ்கம், ரஸ்கம், ரஸ்கம்.

பக்கத்து ஸ்டேஷன் காகிதம் இங்கே வந்து கிடப்பது நடக்கக்கூடியதுதான் என்று முதலில் நினைத்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போய், தலைவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த க்வென்பி ஸ்டேஷனின் பழைய புகைப்படத்தைக் கழற்றி, வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தாள். அந்த வரிசையில் எல்லா ஸ்டேஷனும் ஒரே வரைபடத்தில் கட்டியவை. ஆனால் படத்தில் புகைபோக்கி இடதுகோடியில் இருந்தது. எதிரே கான்கிரீட் கட்டையில் நின்றதற்கு வலதுகோடியில் இருந்தது. முப்பது வருடமாக எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள்.

அன்று மதியமே ப்ரோகோப்பின் பண்ணைக்குக் காரை ஓட்டினாள். அவர் டிராக்டரின் அடியில் படுத்திருந்தார். வெளியே வராமலே பதில் சொன்னார்.

"ஆமா. ரஸ்கம்தான் அது. ரெண்டும் ஒரே வருஷம்தான் வித்தாங்க. ரெண்டையும் நான்தான் வாங்கினேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"ஸ்டேஷன் வேணும்னு கேட்ட. குடுத்தேன். எந்த ஸ்டேஷன்னு நீ கேக்கவே இல்லையே."

"அப்ப எங்க ஸ்டேஷன் எங்க?"

டிராக்டரின் அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு அவர் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அதைத்தான முப்பது வருஷத்துக்கு மேல மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க. எழுபத்தாறுல கர்லிங் கூடம் கட்டறப்ப மரம் இல்லன்னு ஊரே அலைஞ்சுது. க்வென்பி ஸ்டேஷனைப் பிரிச்சுக் கொண்டாந்து போட்டேன். அந்தக் காபி ரூம்ல தரை, சுவரு, எல்லாம் அதான். பன்னெண்டு வருஷம் கழிச்சு, என் பலகை மேல என்னையே நிக்கக் கூடாதுன்னுட்டீங்க."

திரும்பி வரும் வழியில் எல்வீராவுக்குத் தோரின் முகம்தான் கண்ணில் நின்றது. விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம். சுவரொட்டி அடித்தாயிற்று. சொல்லாமல் இருக்கவும் முடியாது; பொய்யான குறிப்பு எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள்.

ஜூன் கூட்டத்தில் மூன்றே பேர். தோர் காதுக்கருவியை அணைத்து வைத்திருந்தார். இரண்டாவது உறுப்பினர், வைக்கோல் அறுத்துப் போட்டிருந்த கவலையில், போனில் மழை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் தோரின் மச்சான்; அவர் வழக்கம்போலத் தூங்கினார். ஆறாவது தீர்மானம் நாய் உரிமம். ஏழாவதை எல்வீரா அதே குரலில், அதே வேகத்தில் படித்தாள்: ஊராட்சி கொண்டுவந்து வைத்திருக்கும் கட்டடம் க்வென்பி ஸ்டேஷன் அல்ல, ரஸ்கம் ஸ்டேஷன் என்று செயலர் தெரிவித்தார், க்வென்பி ஸ்டேஷனின் மரம் கர்லிங் கூடத்தில் உள்ளது. எட்டாவது, குப்பை வண்டி. படித்து முடித்து நிமிர்ந்தாள். தோர் அவளைப் பார்த்துப் புன்னகைத்து, எல்லாம் சரியா இருக்கு எல்வீரா என்று கையெழுத்துப் போட்டார். ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் பலகையில் ஒட்டினாள். ஒரு வாரம் ஆயிற்று. ஊரில் எல்லோரும் தினமும் வந்து தபால் எடுத்தார்கள், பலகையில் சாய்ந்து நின்று வானிலை பேசினார்கள், ஒருவர் தன் டிராக்டர் விற்பனைக்கு என்ற காகிதத்தை ஏழாவது தீர்மானத்தின் ஓரத்தில் குண்டூசியால் குத்திவிட்டுப் போனார். எல்வீரா முதல் இரண்டு நாள் பலகைப் பக்கம் யார் போனாலும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பிறகு நிம்மதி வந்தது. என் கடமை முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட ஆரம்பித்தாள்.

படித்தது ரஸ்கத்துக்காரி. வினிஃப்ரெட் ஸ்ப்ரோல், எல்லோருக்கும் வின்னி. எண்பது வயது. ரஸ்கத்தில் மிஞ்சியிருந்த ஒன்பது பேருக்கும் தபால் க்வென்பிக்குத்தான் வரும். வின்னி வெள்ளிக்கிழமை தோறும் தன் பழைய டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்து ஒன்பது பேருடையதையும் வாங்கிப்போவாள். ஒட்டியிருப்பது எதுவானாலும் நின்று கடைசி வரி வரை படிப்பது அவள் பழக்கம். அன்று டிராக்டர் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு ஒருமுறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"அந்த ஏழாம் நம்பர் நீ எழுதினதா?"

"ஆமா வின்னி."

"நிசந்தானா?"

எல்வீரா ரசீதுக் கட்டை எடுத்து வைத்தாள். வின்னி முத்திரையைப் பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் கிறுக்கியிருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"எங்கப்பா கையெழுத்து. இருபத்தெட்டுலேருந்து அவருதான் ரஸ்கம் ஏஜெண்டு. நான் அந்த வீட்டு மாடிலதான் பொறந்தேன், கிழக்கு ரூம்ல." ரசீதைத் திருப்பிக் கட்டில் வைத்தாள். "தோர்கிட்ட சொல்லிட்டியா?"

"கூட்டத்துல படிச்சேன். கையெழுத்துப் போட்டாரு."

"நான் கேட்டது அது இல்ல."

எல்வீரா ரசீதுகளை அடுக்கிச் சரிசெய்தாள்.

"நீ சொல்லல, பொண்ணே. ஒட்டின. அவ்வளவுதான்."

முப்பது வருடத்தில் எல்வீராவின் குறிப்பில் யாரும் கண்டுபிடிக்காத பிழையை வின்னி ஒரே வரியில் எடுத்துக் காட்டிவிட்டாள். எல்வீராவுக்குக் காது சூடாயிற்று. கட்டடத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறீர்களா என்று மெல்லக் கேட்டாள். வின்னி சிரித்தாள். கேட்டு எங்கே வைப்பது, ரஸ்கம் என்று ஓர் ஊரே சட்டப்படி இல்லையே என்றாள். இரண்டாயிரத்து மூன்றில் அந்த ஊராட்சியைக் கலைத்த காகிதத்தில் தலைவர் என்று கடைசியாகக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். வடக்கு மூலையில் கூரை ஒழுகும், வாளி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்பது பேரின் தபாலையும் அள்ளிக்கொண்டு போனாள்.

விழா ஜூலை நடுவில். பெல்லமியிலிருந்தும் சுற்றுப் பண்ணைகளிலிருந்தும் இருநூறு பேர் வந்துவிட்டார்கள். க்வென்பி என்று வெள்ளையும் கறுப்புமாகப் புதுப் பலகை எழுதி ஸ்டேஷனின் இரண்டு கோடியிலும் மாட்டியிருந்தது. முட்டைக்கோஸ் இலையில் அரிசி சுருட்டி வேகவைத்தது ஒரு மேசை, உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு மேசை, வெங்காயமும் கெட்டித் தயிரும் தனியாக. எல்வீரா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். வின்னி நீலத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்திருந்ததைப் பார்த்ததும் அவள் ஊற்றுவதை நிறுத்த மறந்து, காபி தட்டில் வழிந்தது.

தோர் வந்தவர்களைக் கும்பல் கும்பலாக உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். கதவு நிலையருகே வந்ததும் குனிந்து தொட்டார்.

"இந்தக் கீழ்க் கோடு நான். நாலு வயசு."

"நீங்களா?" என்றாள் முன்வரிசையில் நின்ற வின்னி.

"நானேதான்."

"நாலு வயசுக்கு நல்ல உசரந்தான்."

கூட்டம் சிரித்தது. தோரும் சிரித்தார், எங்க வீட்டில் எல்லோரும் உயரம் என்றார். வின்னி அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் தோர் மேலே இருந்த கோட்டைத் தொட்டு, இது என் அண்ணன் ஆர்னே என்றார். கையை எடுக்காமல் அப்படியே நின்று அழுதார். வின்னி வாயை மூடிக்கொண்டு, கையுறையைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசலில் நின்ற எல்வீரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் குறிப்பிலும் எழுத முடியாத வெட்கம் அது.

விழா முடிந்ததும் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. ஸ்டேஷனை அருங்காட்சியகம் என்று அறிவித்தாயிற்று. யார் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது? அதைக் கண்டு உருகிய ஊரில் ஒருவருக்கும் சனிக்கிழமை ஒழியவில்லை. வின்னி தானாக வந்து சாவியைக் கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு அந்த வீடு புழங்கத் தெரியும் என்று எல்வீராவிடம் மட்டும் சொன்னாள். ரஸ்கத்துக்காரி க்வென்பி ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்கிறாளே, பெரிய மனசு என்று ஊர் மெச்சியது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ரயில் சம்பந்தப்பட்டது எதுவானாலும் தேடிப்போய்ப் பார்க்கும் ஒரு தம்பதி ஒன்டாரியோவிலிருந்து வந்தார்கள். தோர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர்கள் என்பதால் காதுக்கருவியைப் போட்டிருந்தார். மாலை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் கணவர் கேட்டதற்கு வின்னி யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"நாலு இருபத்தாறு."

"நாலு பத்து," என்றார் தோர்.

"நாலு இருபத்தாறு. அம்மா அடுப்புல உருளைக்கிழங்கு வைக்கிறது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்."

"எங்கண்ணனை வண்டியேத்திவிட்டவன் நான். நாலு பத்து."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பதி இருவரும் சுவாரசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். தோர் மட்டும் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கைவைக்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை காலை எல்வீரா கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். உள்ளே வந்து, தன் நாற்காலியில் உட்காராமல், அதற்குப் பின்னால் மாட்டியிருந்த படத்துக்கு எதிரே போய் நின்றார்.

"நாலு இருபத்தாறு ரஸ்கம் டைம். இங்கேருந்து எட்டு மைலு. சரியா பதினாறு நிமிஷம்."

"ஆமா."

"நம்ம அடுப்பு இடது பக்கம் இருந்துச்சு, இல்ல?"

"ஆமா தோர்."

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

அவள் குறிப்பேட்டை எடுத்து, ஜூன் மாதக் குறிப்பைத் திறந்து அவர் முன் வைத்தாள். அவர் நின்றபடியே ஏழாவதைப் படித்தார். அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். அது தன்னுடையதுதானா என்று சோதிப்பவர்போல விரலால் தடவினார்.

"உங்க கண்ணைப் பாத்துச் சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரல," என்றாள் எல்வீரா. "மன்னிச்சுடுங்க."

அவர் குறிப்பேட்டை மூடிவைத்தார். ரஸ்கம் ஏஜெண்டு ஸ்ப்ரோல்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் அந்தக் கோடு என்று ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மா முகத்துக்கு நேராவே சொன்னேனே," என்றார் கடைசியில்.

சனிக்கிழமை எல்வீராவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சட்டை மாற்றி, தலை வாரி, என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வின்னி அடுப்பில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தோருக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"கீழ இருக்கறது நீங்க," என்றார்.

"ஆமா. எட்டு வயசு." வின்னி நிமிர்ந்தாள். "மேல இருக்கறது செசில், என் அண்ணன். நாப்பத்துநாலுல இத்தாலிச் சண்டைல போய்ட்டான்."

"நான் ஊரையே கூட்டி வெச்சுக்கிட்டு..."

"உக்காருங்க தோர்."

அவர் உட்கார்ந்தார். வின்னி சாம்பல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, டிக்கெட் அறை மேசையைக் கையால் காட்டினாள். தந்தி எந்திரம் அங்கேதான் இருந்தது. செசில் செத்த செய்தி அதில்தான் வந்தது. வாங்கியது அப்பா. ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, தன் பெயருக்கு வந்த தந்தியைத் தானே எழுதி, மடித்து உறையில் போட்டார். அதற்குள் சரக்கு வண்டி வந்துவிட்டது. வெளியே போய்க் கொடி காட்டி அதை அனுப்பிவிட்டு வந்துதான் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அதுக்கப்புறம் அப்பா அந்தக் கதவுப் பக்கம் திரும்பிப் பாத்ததே இல்ல. அம்மா மாடிக்குப் போய் அழுவா. இந்த வாசல்ல நின்னு யாரும் அழுதது கிடையாது. நீங்கதான் முத ஆளு. அதான் அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல."

பிறகு வின்னி வாளியை மறுபடி எடுத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் இனிமேல் இரண்டு நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், க்வென்பியில் நாலு பத்து, ரஸ்கத்தில் நாலு இருபத்தாறு என்றாள். வெளியே மாட்டியிருக்கும் பலகையை என்ன செய்வது என்று தோர் கேட்டார். மேற்குக் கோடியில் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும், கிழக்கே உங்கள் பெயரே இருக்கட்டும், எழுதினவர் கூலி வீணாக வேண்டாம் என்றாள். மறுவாரமே அதில் ரஸ்கம் என்று எழுதி மாட்டினார்கள். நெடுஞ்சாலையில் மேற்கிலிருந்து வருகிற கார்கள் இன்னும் அங்கே நிறுத்தி வழி கேட்கின்றன.

தோருக்கு மட்டும் ஒன்று பாக்கி இருந்தது. தன் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். எல்வீரா கர்லிங் கூடத்தைத் திறந்துவிட்டாள். உள்ளே ப்ரோகோப் இருந்தார். தடை நீங்கியதிலிருந்து அவர் சனிக்கிழமை தோறும் பிளாஸ்கில் காபியோடு வந்து அந்த அறையில் உட்கார்ந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பின்கதவுக்கு ஒரு சாவி அவரே செய்துகொண்டிருந்தார்.

தோர் நடு அறையில் நின்று தரையைப் பார்த்தார். நூறு கல்யாண விருந்தில், சாவுச் சாப்பாட்டில் நடந்த தரை. குனிந்து ஒரு பலகையைத் தொட்டார். எழுந்து இன்னொன்றின் மேல் போய் நின்றார்.

"இதுல எது பிளாட்பாரப் பலகை?"

"பிளாட்பாரமா? அது இல்ல. இதெல்லாம் உள் மரம்," என்றார் ப்ரோகோப்.

"அது எங்க போச்சு?"

ப்ரோகோப் பிளாஸ்கை மூடினார். அவர் குரலில் இந்த முறை குத்தல் இல்லை.

"எழுபத்தஞ்சு குளிர்காலம் ஞாபகம் இருக்கா? மைனஸ் நாப்பது டிகிரிக்குக் கீழ போய் மூணு வாரம் ஏறவே இல்ல. உன் தானியக் கோபுர ஆபீஸ் அடுப்புக்கு விறகு இல்லன்னு ஆளு அனுப்பின. பிளாட்பாரத்தைப் பிரிச்சு வண்டி நிறைய ஏத்திவிட்டேன். மொத்தமும் நீதான் வாங்கிட்டுப் போன."

தோர் ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே வண்டி எதுவும் இல்லாத சாலை. எல்வீரா அவர் அருகில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து அவர் திரும்பினார்.

"நல்லா காஞ்ச மரம்," என்றார். "நின்னு எரிஞ்சுது. தானியம் கொண்டாந்தவன் எல்லாம் அந்த மூணு வாரமும் எங்க ஆபீஸ்லதான் வந்து குளிர் காஞ்சான்."

நானும்தான் வந்தேன் என்றார் ப்ரோகோப். எதிரே கிடந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, பிளாஸ்கை மறுபடி திறந்தார்.